ஆங்கிலப் பாடும் பறவைகளின் பெயர்மூலத்தைக் கண்டறியும் முறை

ஆங்கிலத்தில் வழங்கும் பறவைப் பெயரொன்றின் மூலத்தைத் தேடுவோர், அப்பெயரின் இன்றைய எழுத்துக்கூட்டலை முதலில் ஐயுற வேண்டும். வீட்இயர் என்ற பெயரைக் கேட்டவுடன் கோதுமைக் கதிரே நினைவுக்கு வரும். ஆனால் அப்பறவைக்கும் கோதுமைக்கும் எத்தொடர்பும் இல்லை. வெண்மையைக் குறித்த பழஞ்சொல்லும் பிட்டத்தைக் குறித்த பழஞ்சொல்லும் சேர்ந்த கூட்டுச்சொல் அது. அப்பறவை எழுந்து பறக்கையில் பளிச்சிடும் வெண்ணிறப் பின்புறமே பெயருக்குக் காரணம். 'வெண்பிட்டான்' என்று தமிழாக்கினால் மூலத்தின் நாட்டுப்புறத் துடுக்கும் கெடாது.

அடுத்து, சொற்பிறப்பு அகராதியில் அப்பெயரின் மிகப் பழைய வடிவத்தைப் பார்க்க வேண்டும். நைட்டிங்கேல் என்பதில் உள்ள 'கேல்' புயற்காற்று அன்று. பாடுதலைக் குறிக்கும் 'காலன்' என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. ஆகவே அது இரவில் பாடுவது என்று பொருள்படும். நடுவிலுள்ள 'ங்' என்ற மெல்லொலி பிற்காலத்தில் நுழைந்தது. ரெட்ஸ்டார்ட்டின் 'ஸ்டார்ட்' தொடக்கம் அன்று, வால். எனவே அது செவ்வால் பறவை. டிட்மவுஸ் இன்னும் சுவையானது. சிறு பறவையைக் குறித்த 'மாசெ' என்ற சொல் வழக்கொழிந்தபின், மக்கள் அதை எலியைக் குறிக்கும் 'மவுஸ்' ஆக்கிவிட்டனர். அதோடு நில்லாமல், எலிக்குரிய பன்மையையே பறவைக்கும் சூட்டி 'டிட்மைஸ்' என்றனர்.

அகராதி சொல்வதைப் பறவையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இன்றியமையாதது. சிஃப்சாஃப் என்ற பெயரின் பொருளை எந்த நூலிலும் தேட வேண்டியதில்லை. அதன் பாட்டை ஒருமுறை கேட்டாலே போதும். லின்னெட்டின் பெயர் ஆளிச்செடியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததன் காரணம், ஆளிவிதை அதன் விருப்ப உணவு என்று அறியும்போதுதான் விளங்கும். பிளாக்பேர்டில் ஆண் மட்டுமே கருமை, பெண் பழுப்பு. பெயரிட்டவர்கள் ஆணையே கருத்திற்கொண்டனர் என்பதை இங்கே காணலாம்.

மனிதப் பெயரோ இடப்பெயரோ கலந்திருந்தால் மேலும் கவனம் தேவை. ராபின் என்பது ராபர்ட் என்ற ஆண்பெயரின் செல்லக் குறுக்கம். அப்பறவையின் பழைய பெயர் செம்மையைச் சுட்டும் 'ரட்டக்'. பின்னர் அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர், செம்மார்புடைய வேறொரு பறவைக்கும் ராபின் என்றே பெயரிட்டனர். அது உண்மையில் திரஷ் என்ற வேறொரு பறவைக் குடும்பத்தது. கேனரியின் பெயர் கேனரித் தீவுகளிலிருந்து வந்தது. அத்தீவுகளின் பெயருக்கோ நாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லே மூலம் என்பர்.

அண்மைக்காலப் பெயர்மாற்றங்களையும் சரிபார்க்க வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்புத் தளபதியாயிருந்த மெக்கௌனின் பெயரைத் தாங்கிய லாங்ஸ்பர் பறவை, 2020இல் 'தடித்த அலகு லாங்ஸ்பர்' எனப் பொருள்படும் பெயரைப் பெற்றது. தன் பொறுப்பிலுள்ள பகுதியின் பறவைகளுக்கு மனிதர் நினைவாக இடப்பட்ட ஆங்கிலப் பெயர்களை மாற்றப்போவதாக அமெரிக்கப் பறவையியல் கழகம் 2023இல் அறிவித்தது. இத்தகைய பறவைகளுக்குப் பழைய பெயர், புதிய பெயர், அறிவியல் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்வது நன்று. ஆங்கிலப் பெயரிலிருந்து நீங்கிய மெக்கௌன், அறிவியல் பெயரில் இன்றும் இருக்கிறார்.