ரயில்கன் ரெயில் தேய்மானம்: அளக்கும்போது தவிர்க்க வேண்டியவை

ரயில்கன் என்பது இரண்டு தாமிர ரெயில்களுக்கு (தண்டுகளுக்கு) நடுவே பெரிய மின்னோட்டம் பாய்ச்சிக் குண்டைத் தள்ளும் மின்துப்பாக்கி. சுடச்சுட ரெயில் தேயும். அதை அளக்கும்போது, புதிதாக வருகிறவர்கள் எங்கள் பழைய தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்தாயா, எர்த் போட்டாயா என்பதையெல்லாம் யாரும் கேட்பார்கள். நான் சொல்வது அளவெடுப்பதைப் பற்றி.

எடை குறையாவிட்டால் தேயவில்லை என்று எழுதுவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். சுடுவதற்கு முன்னும் பின்னும் ரெயிலை எடைபோட்டான் ஒரு பையன். எடை கொஞ்சம் கூடியிருந்தது. 'தேய்மானம் இல்லை' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். ஆர்மேச்சர் (இரண்டு ரெயில்களையும் தொட்டு மின்னோட்டத்தைக் கடத்தியபடி ஓடும் அலுமினியத் துண்டு) கிளம்பும் பின்முனையில் நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தேன். இரண்டு ஓரத்திலும் சிக்கியது.

தாமிரம் உருக 1085 டிகிரி வேண்டும், அலுமினியத்துக்கு 660 போதும். ஆர்மேச்சர் உருகி ரெயிலில் அப்பிக்கொள்கிறது. கிளம்பும் இடத்தில் வேகம் குறைவு, சூடு அங்கேயே தங்கும். மின்னோட்டம் தொடுபரப்பின் ஓரங்களில் நெரிவதால் பள்ளமும் அங்கேதான் விழும். 1 கன மில்லிமீட்டர் தாமிரம் போனால் 9 மில்லிகிராம் குறையும். 3.3 கன மில்லிமீட்டர் அலுமினியம் ஒட்டினால் அது சரிக்குச் சரி. தராசுக்கு எது போனது, எது வந்தது என்று தெரியாது.

எனவே புரொஃபைலோமீட்டரை (பரப்பின் மேடுபள்ளத்தை அளக்கும் கருவி) குறுக்காக ஓட்டுங்கள். ஆர்மேச்சர் தொடாத ஓரமும் அளவில் வரட்டும், ஆழத்தை அங்கிருந்துதான் கணக்கிட வேண்டும். முதலில் ஒட்டிய அலுமினியப் படிவோடு ஒரு முறை. அப்புறம் நீர்த்த காஸ்டிக் சோடாவில் அலுமினியத்தைக் கரைத்துவிட்டு இன்னொரு முறை. ஹைட்ரஜன் குமிழியிட்டு வரும், காற்றோட்டம் முக்கியம். கரைந்த பின் கருப்பாக ஒரு கசடு நிற்கும்: உருகிய அலுமினியம் கரைத்து எடுத்த தாமிரமும் அதில் உண்டு. மென்மையான பிரஷ்ஷால் தள்ளுங்கள். உப்புத்தாளை எடுத்துவிடாதீர்கள்; அப்புறம் நீங்கள் தேய்த்ததையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள்.

சூடு ஆறுமுன் அளப்பது

20 மில்லிமீட்டர் தாமிரம் 30 டிகிரி கூடுதல் சூட்டில் 10 மைக்ரான் தடித்திருக்கும். பொறுங்கள்.

ரெயில் முழுக்க ஒரே சராசரி

வேண்டாம். பின்முனைப் பள்ளம் வேறு, அதிவேகத்தில் விழும் கண்ணீர்த்துளி வடிவக் குழி வேறு, ஆர்க் (மின்பொறி) எரித்த தழும்பு வேறு.

மசில் வோல்டேஜைப் பார்க்காமல் ஷாட்களை ஒப்பிடுவது

மசில் வோல்டேஜ் என்பது குண்டு வெளியேறும் முனையில் இரண்டு ரெயில்களுக்கும் நடுவே அளக்கும் மின்னழுத்தம். பத்துகளில் ஓடிக்கொண்டிருந்த வோல்டேஜ் திடீரென நூறுகளுக்குத் தாவினால், ஆர்மேச்சருக்கும் ரெயிலுக்கும் நடுவே ஆர்க் பற்றிவிட்டது என்று பொருள். அந்த ஷாட்டைத் தனிப் பட்டியலில் போடுங்கள்.