தெருவோரத் தற்செயல் சிற்பம்: கையை வைத்தால் கெட்டது

வீசியெறிந்த பொருளில் சிற்பம் பார்க்கிறவர்கள் முதலில் செய்யும் தவறு, அதைக் 'கொஞ்சம் சரி' செய்வது. சுவரில் சாய்ந்த மெத்தையை ஓரடி நகர்த்துவார்கள், பக்கத்தில் கிடக்கும் காகிதக் கோப்பையைக் காலால் தள்ளுவார்கள். அத்தோடு அது உங்கள் ஏற்பாடாகிவிடும். மெத்தை இடுப்பொடிந்து உட்கார்ந்ததற்குக் காரணம் நனைந்த பஞ்சின் கனமும் சுவரின் சொரசொரப்பும்தான். நகர்த்தினால் அந்த மடிப்பு திரும்ப வராது.

அடுத்தது, 'இது எதைப் போல இருக்கிறது?' என்று தேடுவது. குப்பைப் பையில் ஒரு முகம் தெரிந்துவிட்டால் பார்வை அங்கேயே நின்றுவிடும். எது எதைத் தாங்குகிறது என்று பாருங்கள். ஒரு கால் போன பிளாஸ்டிக் நாற்காலி, அந்தக் காலுக்குப் பதிலாகச் செங்கல். செங்கல் அரை விரற்கடை உயரம் கூடிவிட்டது. அதனால் அதற்குப் பக்கத்துக் கால்களில் ஒன்று தரையைத் தொடாமல் மிதக்கிறது. நாற்காலி நிற்பது மூன்றே புள்ளியில். அந்த இடைவெளியில்தான் முழுச் சிற்பமும் இருக்கிறது, பலர் அதைக் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

பெரிய பொருளை மட்டும் தேடுவதும் வீண். பாரிஸ் புகைப்படக்காரர் பிரசாய் 1933இல் 'மினோட்டோர்' என்ற கலை இதழில் வெளியிட்ட தற்செயல் சிற்பப் படங்களில் ஒன்று, யாரோ விரலால் சுருட்டிய பஸ் டிக்கெட்.

படமெடுக்கும்போது நின்றபடியே கீழ்நோக்கி எடுக்காதீர்கள். பொருள் தரையோடு ஒட்டித் தட்டையாகிவிடும். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். போனை முப்பது சென்டிமீட்டரில் நீட்டினால் முன்பக்கம் ஊதிப் பெரிதாகும். இரண்டு மீட்டர் பின்வாங்கி 2x ஜூம் வைத்தால் அளவு ஒழுங்காக வரும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், குடைக் கம்பி மாதிரி மெல்லிய விளிம்புகளை அது தின்றுவிடும். கறுப்புப் பை படம் முழுவதையும் நிறைத்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறையுங்கள். வெள்ளைத் தெர்மாகோலுக்கு இதற்கு நேர்மாறு. உச்சிவெயில் நிழலைப் பொருளுக்கு அடியில் ஒளித்துவிடும். காலையின் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழலும் ஓர் உறுப்பாகச் சேரும். 'நாளைக்கு வந்து எடுக்கலாம்' என்பதை மட்டும் நம்ப வேண்டாம், குப்பை வண்டி முந்திக்கொள்ளும்.

உடைந்த டியூப்லைட், உப்பிய பேட்டரி, ஊசி கிடந்தால் மண்டியிடாதீர்கள்.

கடைசியாக, கேட்பாரற்ற பொருள் என்று நாமே முடிவுகட்டுவது. இதுதான் மோசமான தவறு. முடிச்சுப் போட்ட பை, மேலே கல் வைத்த அட்டைப்பெட்டி, மழை படாத மூலையில் மடித்த போர்வை: இவற்றை யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், திரும்பி வருவார்கள். அது ஒருவருடைய படுக்கை. கேமராவை உள்ளே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.