ஃப்ளாட் லீஸ் நீட்டிப்பு: நாள்காட்டியில் நடக்கும் தவறுகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃப்ளாட்டுகள் பெரும்பாலும் லீஸாகத்தான், அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான குத்தகையாகத்தான், கைமாறுகின்றன. ஆண்டுகள் குறையக் குறைய விலை இறங்கும். வாங்க வருபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் கடினமாகும். 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய விலை கொடுத்து, மிச்சமுள்ள காலத்தோடு 90 ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டட உரிமையாளருக்குக் கட்டும் நிலவாடகையான கிரவுண்ட் ரெண்ட்டும் 'ஒரு மிளகு', அதாவது ஒன்றுமில்லை, என்று ஆகிவிடும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்த மிளகை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

முதல் தவறு எண்ணிக்கையிலேயே நடக்கிறது. 'லீஸ் 99 வருஷம், 2014-இல் வாங்கினோம், அப்படியென்றால் 2026-இல் இன்னும் 87 இருக்கும்' என்று கணக்குப் போடுவார்கள். அந்த 99 ஓடத் தொடங்கியது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. லீஸில் '24 ஜூன் 2007 முதல்' என்று இருந்தால், 2026 ஜூன் கடைசியில் மிச்சம் 80தான். சொத்துகளைப் பதியும் அரசு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சில பவுண்டுகள் கட்டினால் பதிவேட்டின் நகல் கிடைக்கும். அதில் தொடக்க நாளைப் பாருங்கள்.

80 என்ற எண்ணுக்குக் காரணம் 'மேரேஜ் வேல்யூ'. நீட்டிப்புக் கேட்டு நோட்டீஸ் கொடுக்கும் நாளில் 80 ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் அது கணக்கில் வராது. 80-ஐத் தொட்டுவிட்டால், நீட்டிப்பால் கூடும் மதிப்பில் பாதி கட்டடத்தின் உரிமையாளருக்குப் போகும். உதாரணத்துக்கு, இப்போதைய லீஸோடு ஃப்ளாட்டின் மதிப்பு 2,70,000 பவுண்ட், நீட்டித்த பின் 3,00,000, உரிமையாளர் இழக்கும் பங்கின் மதிப்பு 12,000 என்று வைத்துக்கொள்வோம். கூடும் மதிப்பு 3,00,000-இலிருந்து 2,82,000 போக 18,000. அதில் பாதி 9,000. எனவே 12,000-க்கு முடிய வேண்டியது 21,000 ஆகிறது.

2024-ஆம் ஆண்டுச் சட்டம் மேரேஜ் வேல்யூவை நீக்கி, நீட்டிப்பை 990 ஆண்டுகளாக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பிரிவுகள் சட்டம் நிறைவேறியவுடன் அமலுக்கு வரவில்லை. நோட்டீஸுக்கு முன் இன்றைய நிலையை சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) கேளுங்கள். லீஸ் 95-இல் இருப்பவர் காத்திருக்கலாம். 81-இல் இருப்பவர் காத்திருப்பது சூதாட்டம். ஃப்ளாட்டை வாங்கி இரண்டு ஆண்டுகள் வைத்திருந்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 31 ஜனவரி 2025 அன்று நீங்கிவிட்டது. அதற்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

'சட்டமெல்லாம் எதற்கு, நாமே பேசி முடிப்போம்' என்று கட்டட உரிமையாளரிடமிருந்து கடிதம் வரும். விலை குறைவாகத் தெரியும். உள்ளே 'இன்றிலிருந்து 99 ஆண்டுகள்' என்று இருக்கும். 78 மிச்சமிருப்பவருக்கு அது 21 ஆண்டு நீட்டிப்பு மட்டுமே. பழைய காலம் முடியும்வரை கிரவுண்ட் ரெண்ட் தொடரவும் இப்படிப் பேசி முடிக்கும் லீஸில் இடமுண்டு. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது என்று பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

சட்டவழியில் போனால், உரிமையாளருக்கு 1993 சட்டத்தின் 42-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் (பராமரிப்புக் கட்டணம்) வாங்கும் மேனேஜ்மென்ட் நிறுவனத்துக்கு அதை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. பல கட்டடங்களில் அந்த நிறுவனம் உரிமையாளரே அல்ல. உரிமையாளருக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு ஹெட்லீஸ் (இன்னொருவர் எடுத்திருக்கும் மேல்குத்தகை) இருந்தால், புதிய லீஸை வழங்கும் அளவுக்கு நீண்ட உரிமை யாரிடம் இருக்கிறது என்று சொலிசிட்டர் முதலில் கண்டறிய வேண்டும். நோட்டீஸில் எழுதும் விலைக்கும் சர்வேயரின் (சொத்து மதிப்பீட்டாளரின்) கணக்கு வேண்டும். நம்ப முடியாத அளவுக்குக் குறைத்தால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். எழுதிய விலையில் 10 விழுக்காடு அல்லது 250 பவுண்ட், எது அதிகமோ அதை உரிமையாளர் முன்பணமாகக் கேட்கலாம்.

பெரிய இழப்புகள் நோட்டீஸுக்குப் பின்தான். உரிமையாளரின் பதில் நோட்டீஸுக்குக் குறைந்தது 2 மாதம் தவணை தர வேண்டும். பதிலே வராவிட்டால், அந்தக் கெடு முடிந்த 6 மாதத்துக்குள் கவுண்டி கோர்ட்டுக்குப் போனால் நீங்கள் எழுதிய விலையிலேயே லீஸ் கிடைக்க வழியுண்டு. பதில் வந்து விலை படியவில்லை என்றால், பதில் கொடுத்த நாளிலிருந்து 2 மாதத்துக்குப் பின், 6 மாதத்துக்குள் டிரிப்யூனலில் (சொத்துத் தீர்ப்பாயத்தில்) விண்ணப்பிக்க வேண்டும். 'பேச்சுவார்த்தை நன்றாகத்தான் போகிறது' என்று இருந்துவிட்டு இந்த நாளைத் தவறவிட்டால் நோட்டீஸ் வாபஸ் ஆனதாகிவிடும். 12 மாதம் புதிய நோட்டீஸ் கொடுக்க முடியாது, உரிமையாளரின் நியாயமான செலவும் உங்கள் தலையில். இதற்கிடையில் லீஸ் 80-க்குக் கீழே இறங்கியிருந்தால் மேரேஜ் வேல்யூவும் சேர்ந்துகொள்ளும். விலை படிந்தாலும் ஓய்வில்லை: 2 மாதத்தில் புதிய லீஸ் முடியாவிட்டால், அடுத்த 2 மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

நடுவில் ஃப்ளாட்டை விற்பவர்கள், நோட்டீஸின் உரிமையை லீஸோடு ஒரே நேரத்தில் வாங்குபவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். ஃப்ளாட் ஒரு நாள், நோட்டீஸ் இன்னொரு நாள் என்று மாறினால் நோட்டீஸ் செத்துவிடும். கடைசியாக, புதிய லீஸ் கையெழுத்தானதும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகிவிட்டதா என்று சொலிசிட்டரிடம் கேட்டு, புதிய பதிவேட்டு நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.