க்ளூம்ஹேவன்: புதிதாகத் திறந்த பொம்மைக்கு வேகமாக வண்ணம் அடிக்க

க்ளூம்ஹேவன் என்ற போர்டு கேமில் மொத்தம் 17 கதாபாத்திர வகைகள். தொடக்கத்தில் 6 தான் கைக்கு வரும். மற்ற 11 மூடிய பெட்டிகளில். ஒருவரின் கதாபாத்திரம் ஓய்வு பெற்று, அவர் புதுப் பெட்டி திறந்தால், அடுத்த ஆட்டத்துக்குள் அந்தச் சாம்பல் நிற பொம்மைக்கு வண்ணம் ஏற்றிவிடலாம். (மாதிரிப் படம் தேடி இணையத்தில் அலையாதீர்கள், மற்ற பெட்டிகளின் ரகசியமும் உடைந்துவிடும்.)

முதலில் சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. காய்ந்ததும் வெள்ளை ப்ரைமர் (பெயின்ட் பிடிக்க அடிக்கும் அடிப்பூச்சு), மெல்லிசாக. மழை நாளில் ஸ்ப்ரே ப்ரைமர் வேண்டாம், சொரசொரப்பாகிவிடும்.

அப்புறம் கான்ட்ராஸ்ட் வகை பெயின்ட். ஒரே பூச்சில் பள்ளங்களில் தேங்கி நிழலாகும், மேடுகளில் வெளிறி நிற்கும். அங்கியின் மடிப்பில் குளம் கட்டினால், காய்வதற்குள் சுத்தமான பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுங்கள். பாதி காய்ந்தபின் தொட்டால் திட்டுத் திட்டாகும். கண்ணை அப்படியே விட்டுவிடலாம், மேஜை தூரத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. கடைசியில் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு) கட்டாயம்: கையில் எடுத்து எடுத்து வைப்பதில் மூக்கும் வாள்முனையும்தான் முதலில் உரியும்.