பந்தயக் காரை ஏற்றிச் செல்ல: டிரெய்லரையும் இழுவை வாகனத்தையும் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்காவில் வார இறுதிப் பந்தயங்களில் கலந்துகொள்ளும் அமெச்சூர் ஓட்டுநர்கள், தங்கள் கார் இனிப் பொதுச் சாலையில் ஓடத் தகுதியற்றது என்ற நிலையை எட்டியதும், பெரும்பாலும் முதலில் பிக்அப் வண்டியைத்தான் தேடத் தொடங்குகிறார்கள். இந்த வரிசை தவறானது. காரின் எடையும் அளவும்தான் டிரெய்லரைத் தீர்மானிக்கின்றன. ஏற்றிய டிரெய்லரின் எடைதான் இழுவை வாகனத்தைத் தீர்மானிக்கிறது. வண்டியை முதலில் வாங்கியவர், அதற்குப் பொருந்தும் டிரெய்லரோடு மனநிறைவு கொள்ள வேண்டியிருக்கும், அல்லது வண்டியின் வரம்பை மீறிய டிரெய்லரை இழுக்கத் துணிந்துவிடுவார். இரண்டாவது நிலை உயிருக்கே ஆபத்தானது என்பதால், கணக்கைக் காரிலிருந்து தொடங்குவதே முறை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசினால் தெளிவாக இருக்கும். மாஸ்டா மியாட்டா என்ற சிறிய இரு இருக்கைக் கார்களுக்கென்றே நடத்தப்படும் ‘ஸ்பெக் மியாட்டா’ வகுப்பு அந்நாட்டில் மிகப் பரவலானது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வசிக்கும் ஒருவர் தம் மியாட்டாவைச் சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே உள்ள பட்டன்வில்லோ பந்தயத் தளத்துக்குக் கொண்டுசெல்ல விரும்புகிறார் என்று கொள்வோம். வழியில் இன்டர்ஸ்டேட் 5 நெடுஞ்சாலை 4,100 அடிக்கு மேல் உயரமுள்ள டெஹோன் கணவாயைக் கடந்து, ‘கிரேப்வைன்’ என்று அழைக்கப்படும் 6 விழுக்காட்டுச் சரிவில் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. காலையில் இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை; கோடையில் மாலை திரும்பும்போது, வெப்பம் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிய நேரத்தில், என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் சோதனை. தேர்வு சரியானதா என்பதை இத்தகைய பாதைதான் காட்டும். சமதளத்தில் எந்த வண்டியும் எதையும் இழுத்துவிடும்.

டிரெய்லர்

ஓட்டுநர் இல்லாத நிலையில் அந்த மியாட்டா ஏறத்தாழ 2,200 பவுண்டு, அதாவது 1,000 கிலோ எடை இருக்கும். முதல் தலைமுறை மியாட்டாவின் நீளம் சுமார் 13 அடிதான் என்பதால் 16 அடித் தளமே போதும் என்று தோன்றும். ஆயினும் 18 அடித் தளத்தையே நான் பரிந்துரைப்பேன். காரை முன்னும் பின்னும் நகர்த்தி எடையைச் சமன்செய்ய இடம் வேண்டும். முன்புறத்தில் டயர் அடுக்கு வைக்கவும், இழுத்தேற்றும் வின்ச் பொருத்தவும் இடம் வேண்டும். நாளை வேறொரு நீளமான கார் வந்தாலும் அதே டிரெய்லர் பயன்படும்.

தலா 3,500 பவுண்டு தாங்கும் இரண்டு அச்சுகள் கொண்டு, மொத்த எடை வரம்பு 7,000 பவுண்டாக அமைந்த திறந்த டிரெய்லரே இவ்வகைக் காருக்கு வழக்கமான தேர்வு. எஃகில் செய்தால் வெறும் டிரெய்லரே 1,800 முதல் 2,200 பவுண்டு வரை இருக்கும். அலுமினியத்தில் செய்தால் அதில் 500 பவுண்டுக்கு மேல் குறையலாம், விலையோ கணிசமாகக் கூடும். இழுவை வாகனம் ஏற்கெனவே கையில் இருந்து, அதன் திறன் எல்லையை ஒட்டி நிற்குமானால், அலுமினியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்போகாது. வண்டிக்குத் தாராளமான திறன் இருந்தால் எஃகே போதும். அடிபட்டாலும் எந்த ஊரிலும் பற்றவைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

மூடிய டிரெய்லரின் கவர்ச்சி எனக்குப் புரியாமல் இல்லை. காரும் கருவிகளும் மழையிலிருந்தும் திருடரிடமிருந்தும் காக்கப்படும். உள்ளேயே வேலை செய்யலாம், சிலர் உறங்கவும் செய்கிறார்கள். ஆனால் 24 அடி நீள மூடிய டிரெய்லர் காலியாகவே 4,000 பவுண்டை ஒட்டி இருக்கும். அதைவிட முக்கியமானது காற்றின் எதிர்ப்பு. எட்டரை அடி அகலமும் அதே அளவு உயரமும் கொண்ட செங்குத்தான முகப்பைக் காற்றுக்கு எதிராகத் தள்ளிச் செல்லும்போது எரிபொருள் செலவு உயர்வதோடு, பக்கக் காற்றும், கடந்துசெல்லும் பெரிய லாரிகளின் காற்றலையும் முழு வண்டியையும் அசைக்கும். சில பிக்அப் வண்டிகளின் இழுவைக் கையேடுகள், எடை வரம்போடு கூட, டிரெய்லரின் முகப்புப் பரப்பு 60 சதுர அடியைத் தாண்டக் கூடாது என்றும் குறிப்பிடுகின்றன. அந்த வரியைப் படிக்காமலே மூடிய டிரெய்லர் வாங்குவோர் பலர். ஆண்டுக்கு நான்கைந்து பந்தயங்களுக்கு மட்டும் செல்பவர் திறந்த டிரெய்லரோடு தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வாங்கும் முன், தாழ்வான கார் ஏறுமா என்பதைக் காரைக் கொண்டே சோதித்துப் பார்க்க வேண்டும். தரையை ஒட்டிய காரின் முன்பக்கக் கீழ்விளிம்பு சாய்பலகையின் அடியிலோ, பலகையும் தளமும் சேரும் முனையிலோ உரசும். நீளமான சாய்பலகை, பின்பகுதி கீழ்நோக்கி வளைந்த தளம், அல்லது முழுத் தளமும் சாயும் அமைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தேவைப்படும். டிரெய்லரின் சக்கரக் காப்பு உயரமாக இருந்தால் காரை ஏற்றிய பிறகு கதவைத் திறக்க இயலாது. பாதுகாப்புக் கூண்டு பொருத்திய காரில் ஜன்னல் வழியாக வெளியேறுவது கடினம். கழற்றக்கூடிய சக்கரக் காப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மூடிய டிரெய்லராக இருந்தால், ஓட்டுநர் கதவுக்கு நேராகப் பக்கச் சுவரில் பெரிய வாசல் இருப்பது நலம்.

பிரேக் விஷயத்தில் சிக்கனம் கூடாது. விலை குறைந்த டிரெய்லர்களில் ஓர் அச்சுக்கு மட்டுமே மின்பிரேக் இருக்கும். இரண்டு அச்சுகளுக்கும் இருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். கலிபோர்னியாவில் மொத்த எடை 3,000 பவுண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இவ்வகை டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். வேறு பல மாநிலங்களிலும் இதே எல்லைதான். இணைப்பு அறுந்தால் தானாகப் பிரேக் பிடிக்கச் செய்யும் அவசர விசையும் அதற்கான சிறு பேட்டரியும் உண்மையில் வேலை செய்கின்றனவா என்பதை, அந்த விசையின் கம்பியை இழுத்தே பார்த்துவிடலாம்.

மூடிய டிரெய்லர் விற்பனையில் 9,990 பவுண்டு என்ற வரம்பு அடிக்கடி கண்ணில் படும். கலிபோர்னியாவின் சாதாரண ஓட்டுநர் உரிமம் 10,000 பவுண்டு வரம்புக்கு உட்பட்ட டிரெய்லரை இழுக்க மட்டுமே இடம் தருகிறது. அதைத் தாண்டினால் வேறு வகை உரிமம் பெற வேண்டும். பிற மாநிலங்களில் விதி மாறும்.

இழுவை வாகனம்

விளம்பரங்கள் பெரிய எழுத்தில் சொல்லும் எண் இழுவைத் திறன். இன்று பெரும்பாலான நிறுவனங்கள் அதனை வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் ஜே2807 என்ற தரநிலையின்படி அளக்கின்றன. 2011 மாடல் ஆண்டிலேயே டொயோட்டா அதனை முதலில் ஏற்றுக்கொண்டது. அரிசோனாவின் டேவிஸ் அணையருகே தொடங்கும் 11.4 மைல் ஏற்றத்தை, கடும் வெப்பத்தில் குளிர்சாதனம் முழுவீச்சில் இயங்க, வழக்கமான பிக்அப் வண்டி மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. நல்ல தரநிலைதான். எனினும் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் தலா 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே. குடும்பமும் கருவிப்பெட்டியும் பெட்ரோல் கேன்களும் அதில் இல்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வேறோர் எண். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு தாளில், பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு உரிய சுமை வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். ஒரே பெயரில் விற்கும் இரண்டு வண்டிகளிலும் இது மாறும்; சொகுசு வசதிகள் கூடக் கூட இந்த வரம்பு குறையும். டிரெய்லர், தன்னை மாட்டும் வண்டியின் பின்புற இணைப்பான ஹிட்ச் மீது செங்குத்தாக இறக்கும் எடையும் இந்தச் சுமையில் அடங்கும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த எடை, ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடாக இருக்க வேண்டும்.

நம் மியாட்டாவுக்குக் கணக்குப் போடுவோம். திறந்த டிரெய்லர் 1,900, கார் 2,200, டயர் அடுக்கு 250 என மொத்தம் 4,350 பவுண்டு. இதில் 12 விழுக்காடு 522. வண்டியில் இருவர் 360, பின்தட்டில் கருவிகளும் எரிபொருளும் 400. ஆக வண்டியின் மீது ஏறும் சுமை 1,282 பவுண்டு. கதவுத் தாளில் 1,500 என்று இருக்கும் வழக்கமான அரை டன் வகைப் பிக்அப், அதாவது எஃப்-150, சில்வராடோ 1500, டண்ட்ரா போன்றது, இதைத் தாங்கும். இப்போது மூடிய டிரெய்லருக்கு வருவோம். டிரெய்லர் 4,000, கார் 2,200, உள்ளிருக்கும் பொருள்கள் 1,000 என 7,200 பவுண்டு. ஹிட்ச் மீது 864. அந்த எடையைக் கம்பிகளால் மற்ற அச்சுகளுக்கும் பகிரும் ஹிட்ச் சாதனம் 80, இருவர் 360, பின்தட்டில் 300. கூட்டினால் 1,604 பவுண்டு. வண்டியின் இழுவைத் திறன் 10,000 பவுண்டு என்று விளம்பரம் உறுதியளித்தாலும், அதே வண்டியின் கதவுத் தாள் இந்தச் சுமையை மறுக்கிறது. இழுவைத் திறன் தீர்வதற்கு வெகு முன்பே சுமை வரம்பு தீர்ந்துவிடும் என்பதே இந்த வகுப்பு வண்டிகளின் இயல்பு. மூடிய டிரெய்லர்தான் வேண்டும் என்பவர் எஃப்-250 போன்ற முக்கால் டன் வகையை நோக்கிச் செல்ல வேண்டும். அங்கும் கதவுத் தாளைப் படித்த பிறகே முடிவெடுக்க வேண்டும், ஏனெனில் கனமான டீசல் என்ஜின் தன் எடையாலேயே சுமை வரம்பில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது.

5,000 பவுண்டு இழுக்கும் ஹோண்டா ரிட்ஜ்லைன் போன்ற வண்டி 4,350 பவுண்டை இழுக்குமா என்று கேட்டால், காகிதத்தில் இழுக்கும். ஆனால் கிரேப்வைன் போன்ற ஏற்றங்களில் எல்லையை ஒட்டியே உழைக்கும். இத்தகைய வண்டி வைத்திருப்பவருக்கு அலுமினிய டிரெய்லரே பொருத்தம்.

நீண்ட சக்கர இடைவெளியும் கனமும் கொண்ட வண்டியை டிரெய்லரால் எளிதில் அசைக்க முடியாது. ஆகவே இழுவைத் திறன் ஒன்றாகவே இருந்தாலும், குட்டையான எஸ்யுவியைவிட நீளமான பிக்அப்பே மேல். உயரமான இடங்களுக்குச் செல்பவர்கள், டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடி ஏற்றத்துக்கும் தன் சக்தியில் ஏறக்குறைய 3 விழுக்காட்டை இழக்கும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினைக் கொண்டே வேகத்தை அடக்க வேண்டும். இந்த வகையில், என்ஜினின் புகைப்போக்கை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்திய டீசல் வண்டிகள் தரும் நிம்மதி பெரிது. இழுவைக்கென்றே தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட தொகுப்பு, அதாவது கூடுதல் குளிர்விப்பான், ஏழுமுனை மின்இணைப்பு, டிரெய்லரின் மின்பிரேக்கை வண்டிக்குள்ளிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் ஆகியவை அடங்கிய வண்டியையே தேடுங்கள்.

இரண்டையும் இணைக்கும்போது

ஹிட்ச் பந்தின் அளவு அதன் மேல் வந்து பூட்டிக்கொள்ளும் டிரெய்லர் முனையான கப்ளரோடு மிகச் சரியாகப் பொருந்த வேண்டும். இலகுவான டிரெய்லர்களுக்கு 2 அங்குலப் பந்தும், கனமானவற்றுக்கு 2 5/16 அங்குலப் பந்தும் வழக்கம். பெரிய கப்ளர் சிறிய பந்தின் மீதும் உட்கார்ந்து பூட்டிக்கொண்டதைப் போலத் தோற்றம் தரும். முதல் பெரிய குலுக்கலில் கழன்றுவிடும். பூட்டிய பிறகு டிரெய்லரின் ஜாக்கைக் கொண்டு வண்டியின் பின்பக்கத்தைச் சற்றே தூக்கிப் பார்ப்பது, இணைப்பு உண்மையானதா என்பதை உடனே காட்டிவிடும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்ட வேண்டும்.

எடை பின்னுக்குப் போனால் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். வேகம் கூடக் கூட அந்த ஆட்டம் தானாகவே பெருகும். இதைத் தடுக்கும் முதல் மருந்து காரை முன்னோக்கி நகர்த்துவதுதான். ஆட்டத்தை அடக்கும் சாதனங்கள் அதற்குப் பிறகே. மியாட்டாவின் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டிருப்பதால் இடம் கண்டுபிடிப்பது எளிது. பின்புற என்ஜின் கொண்ட போர்ஷே 911 ஆக இருந்தால் நிறுத்தும் இடம் முற்றிலும் மாறும். ஊகத்தை நம்பாமல், நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் டிரெய்லரோடு ஒருமுறையும், டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஒருமுறையும் வண்டியை நிறுத்துங்கள். எடைபகிர்வுக் கம்பிகளை மாட்டாத நிலையில், டிரெய்லரின் அச்சுகள் மீதான எடையைச் சேர்க்காமல், வண்டியின் அச்சுகள் மீது மட்டும் காட்டும் இரண்டு எடைகளுக்கும் உள்ள வேறுபாடே ஹிட்ச் மீது இறங்கும் எடை. சரியான இடம் கிடைத்ததும் தளத்தில் முன்சக்கரங்கள் நிற்கும் கோட்டை வண்ணத்தால் குறித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை.

அப்படியும் ஆட்டம் தொடங்கிவிட்டால், வண்டியின் பிரேக்கை அழுத்தக் கூடாது. வேகத்தையும் கூட்டக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கன்ட்ரோலரின் விசையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். அந்த விசை எங்கே இருக்கிறது என்பது விரல்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், புறப்படும் முன் காலியான மைதானத்தில் சில முறை பழகிக்கொள்வது அவசியம்.

காரைக் கட்ட, நெம்புகோலால் இறுக்கும் நான்கு ராட்செட் பட்டைகள் வேண்டும். இரண்டு அங்குலப் பட்டையின் மேல் 10,000 பவுண்டு என்று எழுதியிருப்பது அது அறுந்துபோகும் அளவு. நம்பிக் கட்டக்கூடிய அளவு அதில் மூன்றில் ஒரு பங்கான 3,333 பவுண்டுதான். புறப்பட்டு 30 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி, தளர்ந்த பட்டைகளை மீண்டும் இறுக்க வேண்டும்.

பயன்படுத்திய டிரெய்லர் வாங்குபவர் டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே வெயிலில் முதுமையடைந்து வெடிக்கும். ஆழமான பள்ளங்கள் தெரிகின்றன என்பதால் டயர் நல்லது என்று கொள்ள முடியாது. அவற்றுள் பல மணிக்கு 65 மைல் வேகத்துக்கே தகுதி பெற்றவை. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வாகனத்துக்குச் சட்ட வரம்பே 55 மைல்தான். உபரிச் சக்கரம் ஒன்றும், ஏற்றிய டிரெய்லரைத் தூக்கவல்ல ஜாக்கும், டிரெய்லரின் நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனரும் வண்டியிலேயே இருக்க வேண்டும். பிக்அப்போடு வந்த ஸ்பேனர் அந்த நட்டுகளுக்குப் பொருந்துகிறதா என்பதை வீட்டு வாசலிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.