மழைநீர் வடிகாலில் கழிவு கலப்பதைத் தடுத்தல்: நகராட்சி ஆய்வாளருக்கான வழிமுறை

மழைநீர் வடிகாலில் சேரும் நீர் பல நகரங்களில் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லாமல் நேராக ஆற்றிலோ ஏரியிலோ கடலிலோ கலப்பதால், விதிமீறலைத் தெருவிலேயே பிடித்தாக வேண்டும்.

ஆய்வை மழையில்லாத நாளில் தொடங்குங்கள். கடைசி மழை பெய்து 72 மணி நேரம் கழிந்த பிறகும் வடிகால் ஆற்றிலோ ஏரியிலோ கடலிலோ சேரும் முகப்பில் நீர் ஓடினால், அது நிலத்தடி ஊற்றாகவோ குடிநீர்க் குழாய்க் கசிவாகவோ இருக்கலாம் என்றாலும், கழிவுநீர்க் குழாயை வடிகாலில் சேர்த்த முறையற்ற இணைப்பு என்ற ஐயத்துடனேயே அணுகுவது நல்லது. நிறம், நாற்றம், நுரை, எண்ணெய்ப் படலம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ஆள்நுழைவுக் குழிகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஓட்டத்தின் எதிர்த்திசையில் சென்றால், எந்த இரு குழிகளுக்கிடையே கழிவு நுழைகிறது என்பது புலப்படும். (நச்சுவாயு தேங்கியிருக்கக்கூடும் என்பதால் குழிக்குள் எவரையும் இறக்கக் கூடாது.) ஐயத்துக்குரிய கட்டடத்தின் கழிப்பறையில் சாயம் கரைத்து ஊற்றி, அது வடிகாலில் வெளிப்பட்டால் இணைப்பு உறுதியாகிறது.

கட்டுமான இடங்களில், கான்கிரீட் வண்டிகளைக் கழுவும் இடத்தை முதலில் பாருங்கள். அந்தக் கழுவுநீரின் கடுங்காரத்தன்மை மீன்களைக் கொல்லக்கூடியது.

மீறலைக் கண்டதும் ஒளிப்படங்கள் எடுத்து, மீறப்பட்ட விதியையும் சரிசெய்வதற்கான கெடுவையும் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வ அறிவிப்பு வழங்குங்கள். அறியாமையால் நிகழ்ந்ததற்கு விளக்கமும் கெடுவும் பெரும்பாலும் போதும். இரவில் லாரியிலிருந்து கழிவைத் திறந்துவிடுபவருக்கு உடனடி அபராதமே பொருந்தும். சிந்திய எண்ணெயை நீர் பீய்ச்சிக் கழுவ அனுமதிக்காமல், மணலோ மரத்தூளோ தூவி அள்ளச் செய்யுங்கள். கெடு முடிந்ததும் மறுஆய்வுக்குச் செல்லாவிடில், அடுத்த அறிவிப்பை எவரும் பொருட்படுத்தமாட்டார்கள்.