கொறங்காட்டில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

திருப்பூர் மாவட்டத்து மூலனூர், வெள்ளகோவில் பக்கம் வேலையை விட்டுவிட்டு வந்து கொறங்காடு, அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காடு, வாங்குகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். காங்கயம் மாடு, மேச்சேரி ஆடு, கூடவே கவுதாரியும் முயலும் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். தொட்டியில் தண்ணீர் வற்றக்கூடாது, கோமாரிக்கு ஊசி போடணும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கிளுவை வேலியைப் பிடுங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பத்திரம் பதிந்த கையோடு ஜேசிபி வந்துவிடுகிறது. தாத்தா காலத்துக் கிளுவை முள்செடி வேலியை வேரோடு சாய்த்து, கல்தூண் நட்டு முள்கம்பி இழுக்கிறார்கள். வரப்போரம் நாலடி நிலம் மிச்சமாகுமாம்.

பக்கத்துக் காட்டை வாங்கிய தம்பியும் அப்படித்தான் செய்தார். "கம்பி வேலி சுத்தமா இருக்குதுங்கண்ணா" என்றார். பிடுங்கிப் போட்ட குவியலுக்கடியில் கவுதாரி முட்டைகள் நொறுங்கி, மஞ்சள் கரு மண்ணில் ஒட்டிக் கிடந்தது. கிளுவைத் தூரில்தான் முள்ளெலியும் கீரியும் அரணையும் ஒதுங்கும். மேலே கோவையும் பிரண்டையும் படரும். மேய்ச்சல் காட்டில் வெயிலுக்கும் பருந்துக்கும் ஒளிய அவற்றுக்கு வேறு இடம் ஏது?

மாட்டுக்காரனுக்கும் நட்டம்தான். வேலி அடர்த்தியாக இருந்தால் ஆளில்லாமல் இராப்பகலாக மாட்டை விட்டு வைக்கலாம். கொறங்காட்டின் வசதியே அதுதான். கம்பிக்கு அடியில் தெருநாய் குனியாமலே நுழையும். காங்கயம், தாராபுரம் பக்கம் நாய் கடித்துச் செத்த ஆடுகளைப் போட்டு விவசாயிகள் போராடும் அளவுக்குப் போய்விட்டது. அந்தத் தம்பியின் கறவை மாடு கம்பியைத் தாண்டப் போய்க் காம்பைக் கிழித்துக்கொண்டது. கன்று முட்டும்போதெல்லாம் அது உதைத்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வேலியில் சந்து விழுந்திருந்தால் இலந்தை முள்ளை வெட்டி அடையுங்கள். மழைக்கு முன்னால் கிளுவைப் போத்தை, அதாவது வெட்டிய கிளைக் குச்சியை, நெருக்கி ஊன்றுங்கள். வேர் பிடிக்கும்வரை ஆடு கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முதல் மழைக்கே மாட்டை விடுவது

ஐப்பசி மழையில் தரை பச்சை கட்டியதும் கை பரபரக்கும். பொறுங்கள். கொழுக்கட்டைப் புல் கதிர் விட்டு விதை உதிரட்டும். காட்டைத் துண்டுகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால், மேயாத துண்டில் முயலும் காடையும் குஞ்சு குட்டியோடு இருக்கும்.

வெள்வேலாவை வெட்டிச் சீமைக்கருவேலத்தை விடுவது

தலைகீழாகச் செய்யுங்கள்: சீமைக்கருவேலத்தை வெட்டி, வெள்வேலா மரத்தை விட்டு வையுங்கள்.

செத்த ஆட்டில் விஷம் வைப்பது

கூடவே கூடாது. நாய்க்கு வைத்ததை நரியும் தின்னும், கீரியும் தின்னும்.

வலிக்கு ஏதோ ஓர் ஊசி

பர்கூர், தாளவாடிப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கணும். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு செத்து, அந்தக் கறியைத் தின்றால் கழுகுக்குச் சிறுநீரகம் போய்விடும். மாட்டுக்கு அந்த மருந்தை 2006-லேயே தடை செய்தாயிற்று. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வலி மருந்துகள் இரண்டுக்கும் 2023-இல் தடை வந்தது. மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக்கை வாங்கி வந்து நீங்களே போடாதீர்கள். கழுகுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் என்ற வலி மருந்து போதுமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். என்ன ஊசி போட்டது என்று தெரியாத மாடு செத்தால் காட்டில் இழுத்துப் போடாமல் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.